கெளுத்திக்குக் கிரீம் சீஸ் கிடையாது

"பன்னிரண்டு அட்டை!" என்று கத்தினார் கோச் பிரகெட். "என் பசங்க, என் முதுகுக்குப் பின்னாடி, பன்னிரண்டு பேர் யூனியன் அட்டையில கையெழுத்துப் போட்டிருக்கானுங்க. நீ என்னய்யா பண்ணிட்டிருந்த, வெண்டெல்?"

"பேகல் எண்ணிட்டிருந்தேன், கோச்."

வெண்டெல் குரோச் சொன்னது உண்மை. டன்மோர் கல்லூரி விளையாட்டுத் துறையில் அவர்தான் விதி அதிகாரி. இருபத்திரண்டு வருஷமாக நானூறு பக்க விதிப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டே நடப்பவர். அந்தப் புத்தகத்தின்படி அமெரிக்க ஃபுட்பால் ஆடும் பையன்களுக்குக் காலையில் வெறும் பேகல் ரொட்டி கொடுக்கலாம். மேலே கிரீம் சீஸ் தடவினால் அது சாப்பாடு ஆகிவிடும். சாப்பாடு என்றால் சலுகை, சலுகை என்றால் கிட்டத்தட்டச் சம்பளம், சம்பளம் வாங்கிய பையன் ஆட முடியாது. ஆகவே தினமும் காலையில் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு ஒவ்வொரு பேகலையும் புரட்டிப் பார்ப்பது அவருடைய முதல் கடமை.

கோச் பக்கத்திலிருந்த தண்ணீர் வாளியை எட்டி உதைத்தார். கோபம் வந்தால் வாளியை உதைப்பது அவர் வழக்கம். துறையில் வருஷத்துக்கு நாற்பது வாளி வாங்கினார்கள்.

மேசை மேலிருந்த போனில் கல்லூரி வக்கீல் பிரிசில்லா வேன் காத்திருந்தாள். "வாளிச் சத்தம் முடிஞ்சுதா? நல்லாக் கேட்டுக்கோங்க. நாளைக்குத் தொழிலாளர் துறையிலேர்ந்து ஒரு அம்மா வராங்க. மிஸஸ் ஓடம். வெள்ளிக்கிழமை வரைக்கும் கூடவே இருந்து பார்ப்பாங்க, அப்புறம் பசங்க அட்டை போடற பெட்டியைத் திறந்து எண்ணுவாங்க. மொத்தம் எண்பத்துநாலு பசங்க. நாற்பத்திரண்டு அட்டை வரைக்கும் நமக்குப் பயமில்ல. நாற்பத்துமூணாவது விழுந்தா யூனியன் உள்ள வந்துடும்."

"வந்தா என்ன ஆகும்?" என்று கேட்டார் வெண்டெல்.

"நாற்பத்துமூணாவது அட்டை விழுந்த அன்னைக்கு உன் நாற்காலியில வேற ஒருத்தன் உட்கார்ந்திருப்பான். அதான் ஆகும்" என்றார் கோச்.

வெண்டெல் கணக்குப் போட்டுப் பார்த்தார். வயது ஐம்பத்தெட்டு. பேகலைப் பார்த்த மாத்திரத்தில் அது சிற்றுண்டியா சாப்பாடா என்று சொல்லத் தெரிந்த ஆளுக்கு இண்டியானாவில் வேறு எங்கே வேலை கிடைக்கும்? வீட்டில் மனைவி டோரீனிடம் என்னவென்று சொல்வது?

பிரிசில்லா தொடர்ந்தாள். "பசங்க தொழிலாளிங்க இல்ல, மாணவங்க. அது அந்தம்மா கண்ணுக்குத் தெரியணும். முதல் வேலை, யாரும் யாருக்கும் உத்தரவு போடக் கூடாது. அதனால கோச், நீங்க இந்த வாரம் மைதானத்துப் பக்கமே தலைகாட்டாதீங்க. நீங்க 'குட் மார்னிங்' சொன்னாலே உத்தரவு மாதிரிதான் இருக்கு."

"சனிக்கிழமை மேட்ச்! நான் எங்க போறது?"

"எங்கயாவது மீன் பிடிக்கப் போங்க."

கோச்சின் முகம் செங்கல் நிறத்துக்கு மாறியது. "சரி. மீன் பிடிக்கவே போறேன்" என்று கதவை அறைந்துவிட்டுப் போனார். மேட்ச் உள்ள வாரத்தில் அவர் மைதானத்தைவிட்டுப் போனது வெண்டெலுக்குத் தெரிந்து இதுவே முதல் தடவை.

வெண்டெல் உடனே காரியத்தில் இறங்கினார். லாக்கர் அறைப் பலகையில் "காலை 5.30 பயிற்சி, கட்டாயம்" என்று இருந்ததை அழித்துவிட்டு, "விருப்பமுள்ளவர்கள் வரலாம்" என்று தன் அழகான கையெழுத்தில் எழுதினார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, விருப்பமுள்ளவர்கள் ஒன்பது பேர் வந்தார்கள்.

கூடவே கெளுத்தியும் வந்தது.

டன்மோர் அணிக்குக் கெளுத்திகள் என்று பெயர். மேட்ச் அன்று ஆள் உயரக் கெளுத்தி மீன் வேஷத்தில் ஒருவர் மைதான ஓரத்தில் ஆடுவார். பஞ்சும் ரப்பருமாக இருபது கிலோ உடுப்பு, கை நீளத்துக்கு இரண்டு மீசை. அதற்கும் வெண்டெல் பத்தொன்பது விதிகள் எழுதிவைத்திருந்தார். விதி ஒன்று, தலையை மாட்டிய பிறகு கெளுத்தி பேசக் கூடாது. விதி இரண்டு, உள்ளே இருப்பது யார் என்று யாரும் கேட்கக் கூடாது. வழக்கமாக நாடகத் துறைப் பையன் யாராவது இருப்பான். சாதாரணப் பயிற்சிக்கெல்லாம் கெளுத்தி வருவதில்லைதான். ஆனால் மிஸஸ் ஓடம் ஏற்கெனவே மடக்கு நாற்காலியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டாள். அவள் எதிரில் மீனோடு எதற்கு வம்பு என்று வெண்டெல் விட்டுவிட்டார்.

ஒல்லியான பெண்மணி மிஸஸ் ஓடம். கைப்பையிலிருந்து ஒரு காரட்டை எடுத்துக் கடித்தபடி கேட்டாள். "எண்பத்துநாலு பேர்னு சொன்னாங்களே. மிச்சப் பேர் எங்க?"

"தூங்கறாங்க, மேடம். எல்லாமே அவங்கவங்க விருப்பம்தான். இங்க அப்படித்தான்."

"எப்பவுமேவா?"

வெண்டெல் இருமினார்.

அந்த நேரம் பார்த்து மைதானத்தில் ஒரு பையன் கைக்கு வந்த பந்தைக் கோட்டைவிட்டான். கெளுத்தி இரண்டு துடுப்பாலும் தலையில் அடித்துக்கொண்டு, எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடி, அங்கிருந்த வாளியை ஓங்கி உதைத்தது. ஒன்பது பையன்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"டேய், கோச்சை அப்படியே உரிச்சு வச்சிருக்கான்டா!"

வெண்டெல் ஓடினார். "தம்பி, மிமிக்ரி எல்லாம் கோச் காதுக்குப் போனா உன்னைத் தொலைச்சுக் கட்டிடுவாரு. விதி ஏழு, கெளுத்தி கோட்டுக்குள்ள வரக் கூடாது. வெளியில நின்னு ஆடு."

கெளுத்தி அசையாமல் நின்றது.

"ஆடுடா! உனக்கு வேற என்ன வேலை?"

கெளுத்தி அவரைப் பெரிய கண்ணாடிக் கண்களால் வெகுநேரம் பார்த்தது. பிறகு ஒரு காலைத் தூக்கி ஆடத் தொடங்கியது. இந்த வருஷப் பையனுக்கு ஆட்டம் சுத்தமாக வரவில்லை என்று வெண்டெல் குறித்துக்கொண்டார்.

மிச்சம் எழுபத்தைந்து பேரும் காலை எட்டரை வரை தூங்கினார்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகு அப்படித் தூங்கியதே இல்லை. தூங்கி எழுந்ததும் தலை தெளிந்தது. தெளிந்த தலையோடு, இத்தனை நாள் படிக்க நேரமில்லாமல் மடித்து வைத்திருந்த யூனியன் அட்டையை எடுத்துப் படித்தார்கள். சனிக்கிழமை வந்தால் அறுபதாயிரம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஆட்டத்தில் ஆடுகிறவனுக்கும் ஒரு பங்கு வேண்டும், முட்டி உடைந்தால் வைத்தியச் செலவைக் கல்லூரி ஏற்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. அதில் தப்பாக ஒன்றும் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் அணித் தலைவன் அமோஸ் விட்லாக் லாக்கர் அறைப் பலகையில் சாக்பீஸால் அட்டைக் கணக்கு இருபத்தொன்று என்று எழுதினான். அமோஸ் நூற்று நாற்பது கிலோ எடை. வாசலில் வந்து நின்றால் அறை இருட்டாகிவிடும். ஆனால் பேச்சு மட்டும் பரம சாது. யூனியன் யோசனை அவனுடையதுதான்.

"நீங்க வருத்தப்படாதீங்க, மிஸ்டர் குரோச். உங்க மேல யாருக்கும் கோபமில்ல."

"தம்பி, எனக்கு அதாண்டா பயமா இருக்கு" என்றார் வெண்டெல்.

போனில் பிரிசில்லா பல்லைக் கடித்தாள். "மாணவங்கன்னா வகுப்புக்குப் போகணும் இல்லையா? அந்தம்மா கண் முன்னாடி வகுப்புக்கு அனுப்புங்க. மொத்தப் பேரையும்!"

எண்பத்துநாலு பேருக்கு ஒரே வகுப்பில் இடம் எங்கே கிடைக்கும்? வெண்டெல் புதன்கிழமை காலை கட்டடம் கட்டடமாக அலைந்து, கடைசியில் நூறு காலி நாற்காலியோடு ஒரு கூடத்தைக் கண்டுபிடித்தார். கதவில் பாடத்தின் பெயர் ஒட்டியிருந்தது. அவர் நாற்காலிகளைத்தான் எண்ணினார், பெயரைப் படிக்கவில்லை.

அது தொழிலாளர் பொருளாதாரம்.

பாடம் நடத்தியவர் டாக்டர் பெல்ச்சர். ஆறு மாணவர்களுக்கு மேல் கண்டிராதவர். திடீரென்று எண்பத்துநாலு மலைகள் வரிசையாக உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவர் குறிப்புத் தாளைத் தூக்கி எறிந்தார். முப்பது வருஷ ஆசையையும் அந்த ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் எப்படித் தொடங்கியது, முதலாளி என்ன சொன்னார், முதலில் கையெழுத்துப் போட்டவன் யார் என்று மேசை மேலேறி நின்று நடித்தே காட்டினார். பையன்கள் கைதட்டினார்கள். பின்னாலேயே வந்துவிட்ட கெளுத்தி, கதவில் மீசை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்று கேட்டது. மிஸஸ் ஓடம் இரண்டு பக்கம் எழுதினாள்.

"மூணு வருஷத்துல முதல் தடவையா ஒரு வகுப்புல முழுசா உட்கார்ந்திருக்கேன்" என்றான் அமோஸ், வெளியே வரும்போது. "எனக்குப் பாறை பத்திப் படிக்கணும்னு ஆசை. பயிற்சி நேரத்துல இடிக்குதுன்னு கோச் அதை எடுக்க விடல. நல்ல காரியம் பண்ணீங்க, மிஸ்டர் குரோச். நாளைக்கும் உண்டா?"

பலகையில் எண் முப்பத்துமூன்று ஆகியிருந்தது.

அன்று மத்தியானம் வெயில் கொளுத்தியது. சனிக்கிழமை மேட்ச் ஆயிற்றே என்று பையன்கள் தாங்களாகவே பயிற்சிக்கு வந்துவிட்டார்கள். கெளுத்தி கோட்டுக்கு வெளியே நின்றும் குதித்தும் மூன்று மணி நேரம் தவித்தது. உட்காரப் போனபோதெல்லாம் வெண்டெல் விதி பதினொன்றைச் சொல்லி எழுப்பிவிட்டார். நாலாவது மணி நேரத்தில் மீன் இரண்டு சுற்றுச் சுற்றித் தொப்பென்று விழுந்தது.

வெண்டெல் பதறிப்போய் மைதான மருத்துவ அறைக்கு ஓடினார். அங்கே, "ஆட்டக்காரங்களுக்கு மட்டும்தான், சார். நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க" என்றார்கள். ஊழியர் மருத்துவமனைக்குப் போன் செய்தார். "ஊழியரா? இல்லன்னா மாணவர் பிரிவுக்குக் கூப்பிடுங்க." மாணவர் பிரிவில் பெயரைக் கேட்டார்கள். பெயரைக் கேட்க விதி இரண்டு இடம் கொடுக்கவில்லை.

அவர் திரும்பி வந்து மீன் பக்கத்தில் மண்டியிட்டு, விதிப் புத்தகத்தாலேயே விசிறினார். "தப்பா எடுத்துக்காத, தம்பி. நீ ஆட்டக்காரனும் இல்ல, ஊழியனும் இல்ல, மாணவன்னு நிரூபிக்கவும் வழியில்ல. விதிப்படி பார்த்தா நீ யாருமே இல்ல."

அமோஸ் மீனை அலாக்காகத் தூக்கி நிழலில் கிடத்தினான். வாய் ஓட்டை வழியாக ஒரு உறிஞ்சு குழலை விட்டுத் தண்ணீர் கொடுத்தான். பிறகு தன் பையிலிருந்து, சொந்தக் காசில் வாங்கிய பேகல் ஒன்றை எடுத்தான். அதில் விரல் கனத்துக்குக் கிரீம் சீஸ்.

"டேய், டேய்! விதி பதினேழு. கெளுத்திக்குக் கிரீம் சீஸ் கிடையாது. வெறும் பேகல்தான்."

"அப்ப நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க, மிஸ்டர் குரோச்."

வெண்டெல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அப்படித் திரும்பியது இதுவே முதல் தடவை. முதுகுக்குப் பின்னால் மீன் அவசர அவசரமாக மெல்லும் சத்தம் கேட்டது.

"பாவம்டா, காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல போல" என்றான் ஒரு பையன்.

"நம்மள விட மோசமா இருக்கான். இவனுக்கும் ஒரு அட்டை கொடுத்துடுவோம்" என்று அமோஸ் ஒரு யூனியன் அட்டையை மீனின் துடுப்பில் செருகினான். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த மெல்லும் சத்தம் வெண்டெலின் காதைவிட்டுப் போகவில்லை. வியாழக்கிழமை காலை அவருக்குச் சொந்தமாக ஒரு யோசனை உதித்தது. பையன்கள் கேட்பதெல்லாம் கொஞ்சம் மரியாதைதானே? அதைக் கிரீம் சீஸாகக் கொடுத்துவிட்டால் அட்டை பெருகுவது நின்றுவிடும். நேராகக் கொடுக்கத்தான் விதி இல்லை. அவர் பேகல் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை போட்டு, பெரிய டப்பா நிறையக் கிரீம் சீஸ் வைத்து, "ஊழியர்களுக்கு மட்டும்" என்று எழுதி நிறுத்தினார். பிறகு ஜன்னல் பக்கம் போய், வெளியே இருந்த மேப்பிள் மரத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பியபோது டப்பா கழுவிவைத்தது போல இருந்தது. பக்கத்தில் மிஸஸ் ஓடம் நின்றாள்.

"இந்த அறிவிப்பை எழுதினது யாரு, மிஸ்டர் குரோச்?"

"நான்தான், மேடம்."

"ஊழியர்களுக்கு மட்டும்னு போட்டிருக்கீங்க. சாப்பிட்டது அத்தனையும் பசங்க. நீங்க தடுக்கல."

"நான் மரத்தைப் பார்த்துட்டிருந்தேன்."

"அப்ப பசங்க ஊழியர்கள்னு ஒத்துக்கறீங்க."

"ஐயையோ, இல்ல மேடம்!"

"இல்லன்னா விதியை மீறிச் சாப்பிட்டிருக்காங்க. எண்பத்துநாலு பேரும் நாளை மறுநாள் ஆட முடியாது."

"ஐயையோ, அதுவும் இல்ல மேடம்!"

"ஊழியரும் இல்ல, திருடனும் இல்ல. பின்ன யாரு இவங்க?"

வெண்டெல் நானூறு பக்கத்தையும் மனசுக்குள் ஒருமுறை புரட்டினார். அதில் எதுவும் அகப்படவில்லை.

"பசிச்சவங்க, மேடம்" என்றார்.

மிஸஸ் ஓடம் காரட்டை மெல்லுவதை நிறுத்தினாள். பிறகு அதை அப்படியே எழுதிக்கொண்டாள். வாசலில் நின்ற கெளுத்தி மெல்லத் தலையைக் குனிந்துகொண்டது.

இந்தப் பேச்சு பத்தே நிமிஷத்தில் விடுதி முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலம் பலகையில் நாற்பத்திரண்டு என்று இருந்தது.

"அவ்வளவுதான், மிஸ்டர் குரோச். இனிமே ஏறாது" என்றான் அமோஸ், கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே. "மிச்சப் பேர் கோச்சுக்குப் பயந்துக்கிட்டு இருக்காங்க. நாங்க தோத்துட்டோம்."

வெண்டெலுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். நாற்காலி தப்பியது. ஆனால் அவர் நேரே வீட்டுக்குப் போகாமல் தாழ்வாரத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அங்கே ஏற்கெனவே கெளுத்தி உட்கார்ந்திருந்தது. பதில் பேச முடியாத ஆளிடம் மனசைத் திறப்பது சுலபமாக இருந்தது.

"உனக்கு ஒண்ணு தெரியுமா, தம்பி? நானும் இங்க ஆடினவன்தான். நாற்பது வருஷத்துக்கு முன்னாடி. மூணாவது மேட்ச்ல இந்த வலது முட்டி போச்சு. கல்லூரியிலேர்ந்து ஒரு கூடை பழம் அனுப்பினாங்க. அடுத்த மாசம் ஆஸ்பத்திரி பில்லை எங்கப்பாவுக்கு அனுப்பினாங்க. சோளம் விதைக்கற மனுஷன். டிராக்டரை வித்துக் கட்டினாரு."

கெளுத்தி அவர் பக்கம் திரும்பியது.

"நான் அவங்க வயசுல இருந்தா முதல் கையெழுத்து என்னோடதாத்தான் இருக்கும். கோச்கிட்டச் சொல்லிடாத. அவரு கெட்ட மனுஷன் இல்ல. ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்தப் பசங்க நிக்கற இடத்துல வெயில்ல நின்னு பார்த்திருந்தா அவருக்கே புரிஞ்சிருக்கும். அவரு எங்க நிக்கப் போறாரு? அவரு மீன் பிடிக்கப் போயிட்டாரு."

கெளுத்தியின் உடம்பு ஒருமுறை குலுங்கியது. பிறகு பஞ்சுத் துடுப்பு ஒன்று வந்து வெண்டெலின் தோளில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. நல்ல பையன், ஆட்டம் வராவிட்டால் போகிறது என்று வெண்டெல் நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கூட்ட அறையில் மிஸஸ் ஓடம் பெட்டியைத் திறந்தாள். ஒரு பக்கம் புதுக் கோட்டு மாட்டிய பிரிசில்லா. எதிர்ப் பக்கம் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு அமோஸ். நடுவில் வெண்டெல். கெளுத்தி வழக்கம்போல வாசலில் நின்றது. கோச்சுக்குப் போட்ட நாற்காலி மட்டும் காலி.

"மிஸ்டர் பிரகெட் வரலையா?"

"மீன் பிடிக்கப் போனவர் இன்னும் திரும்பல" என்றாள் பிரிசில்லா. "ஆனா அவர் என்ன சொல்வார்னு எல்லாருக்கும் தெரியும். எண்ணிடுங்க."

மிஸஸ் ஓடம் ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் பெயரைப் படித்து அடுக்கினாள். நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. அவள் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. பிரிசில்லா பேனாவை மூடினாள். அமோஸ் அந்தப் பெரிய தலையைத் தொங்கவிட்டுக்கொண்டான். வெண்டெலுக்கு நாற்காலி தப்பிய மூச்சு வெளியே வந்தது. வந்த மூச்சில் கொஞ்சம்கூட ருசியில்லை.

"இருங்க, அடியில ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு" என்றாள் மிஸஸ் ஓடம்.

அவள் நகத்தால் சுரண்டி எடுத்தாள். அட்டை முழுக்கப் பிசுபிசுவென்று வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. முகர்ந்து பார்த்தாள். கைக்குட்டையால் துடைத்தாள். வெண்டெல் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். நாற்பத்துமூன்றாவது.

மிஸஸ் ஓடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

"கிரீம் சீஸ். அதுக்குக் கீழ... அணியில் செய்யும் வேலை, கெளுத்தி. பெயர், லைல் பிரகெட்... ஏன் மிஸ்டர் குரோச், உங்க கோச் பேரும் இதேதானே?"